கண்ணாடிக்கு உண்டு, கைக்கு இல்லை

கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்தித் தரும் ஒப்பந்தக்காரர் அவர். ஊருக்கு அவர் கண்ணாடிக்காரர். கல்யாணப் பத்திரிகை உறையில்கூட அப்படித்தான் எழுதி அனுப்புவார்கள். அவரிடம் நாலு பேர் வேலை பார்த்தார்கள். அதில் ஒருவன் அவருடைய மனைவியின் தம்பி. அவன் தொழிலுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

காப்பீட்டு ஏஜென்ட் அம்மா கடைக்கு வந்த அன்று மச்சினன் மேஜைக்குப் பக்கத்தில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா இரண்டு தாள்களை விரித்து வைத்தார்.

"சார், இது உங்க சரக்குக்கு. லாரியில உடைஞ்சாலும், மாட்டும்போது உடைஞ்சாலும் பணம் வரும். இது உங்க ஆளுங்களுக்கு. ரெண்டையும் சேர்த்து எடுத்துடுங்க."

"கண்ணாடிதாம்மா சொல்லாம கொள்ளாம உடையும். என் ஆளுங்க அப்படி இல்ல. முதல் தாளு போதும்."

"அப்போ என்னைவிட கண்ணாடிக்குத்தான் மவுசு, இல்ல மாமா?" என்றான் மச்சினன்.

"உன்னை உடைக்க எவனால முடியும்?" என்று கையெழுத்துப் போட்டார். மூவருமே சிரித்தார்கள்.

அடுத்த வருஷம் ஒரு மருத்துவமனையின் புதுப் பிரிவில் இரண்டாவது மாடி முகப்பு வேலை. விடியற்காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆளுயரத்துக்கும் மேலான கண்ணாடி, முழுக்க ஈரம். கவ்விப் பிடிக்கும் ரப்பர் கப்புகள் ஈரத்தில் ஒட்டாது என்பது தொழிலில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மச்சினன் துடைக்கத் துணி தேடினான். மறுநாள் புதுப் பிரிவுக்குத் திறப்பு விழா என்று கட்டடத்துக்காரர் காலையிலிருந்தே குடைந்துகொண்டிருந்தார்.

"காத்துலயே காஞ்சிடும்டா, தூக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

தூக்கினார்கள். மச்சினன் பக்கத்துக் கப்பு வழுக்கியது. விட்டுவிட்டு விலகியிருக்கலாம். கீழே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் வலது கையைக் கொடுத்துத் தாங்கினான். கண்ணாடி இரண்டாகப் பிளந்து அவன் முழங்கைக்குக் கீழே அறுத்து இறங்கியது. உடைந்த பாதியைப் பிடித்தபடி கண்ணாடிக்காரர் சிலையாக நின்றார். எந்த மருத்துவமனைக்கு வேலை பார்த்தார்களோ அதற்குள்ளேயே அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மூன்று அறுவை சிகிச்சை. கை மிஞ்சியது, மூன்று விரல்கள் மடங்கவே இல்லை.

நாலாம் நாள் சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். சில்லுகளைப் படம் எடுத்தார், சட்டத்தை அளந்தார், பிறகு மச்சினனின் கட்டிலருகே வந்தார்.

"ஈரத்தைத் துடைச்சிட்டுத்தானே தூக்குனீங்க?"

கண்ணாடிக்காரர் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தார்.

"துடைச்சோம் சார்" என்றான் மச்சினன். மாமனின் பக்கம் திரும்பவில்லை.

பத்தே நாளில் கண்ணாடிக்கான பணம் முழுசாக வந்தது. அன்று சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு மனைவி எதிரில் உட்கார்ந்தாள்.

"கண்ணாடிக்கு வந்துச்சு. என் தம்பி கைக்கு எப்பங்க வரும்?"

"அதுக்கு நான் எடுக்கல."

அவள் எழுந்து உள்ளே போனாள். அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்றிருக்கும்.

பாலிசியைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. இந்த முறை ஆட்களுக்கான தாளைத்தான் முதலில் இழுத்தார். "என் மச்சினன் பேரை மேல போடுங்கம்மா."

ஏஜென்ட் அம்மா பேனாவை மூடினார். "வேலைக்கு வராதவங்க பேரைச் சேர்க்க முடியாது சார். நடந்து முடிஞ்சதுக்கும் இது செல்லாது. அன்னிக்கே நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்."

"நீங்க சொன்னீங்கம்மா" என்றார் அவர். மற்ற மூன்று பேரின் பெயரை மட்டும் எழுதினார்கள்.

அங்கிருந்து நேராக மச்சினன் வீட்டுக்குப் போனார். அவன் இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். உதவப் போனவரைத் தடுத்துவிட்டான்.

"தூக்குன்னு சொன்னது நான்டா. ஏன் அந்த ஆள்கிட்ட பொய் சொன்ன?"

"உண்மையைச் சொன்னா வந்த பணமும் வந்திருக்காது. அக்கா உங்க வீட்டுலதானே இருக்கா." கொஞ்சம் நிறுத்தி, "கோபம் இல்லன்னு நினைச்சுக்காதீங்க மாமா" என்றான்.

அவன் மனைவி வாசல்வரை வந்தாள். அவரை உட்காரச் சொல்லவில்லை.

அதன் பிறகு மழை தூறினால் கண்ணாடிக்காரர் வேலையை நிறுத்திவிடுவார். யார் கத்தினாலும் சரி. அதனாலேயே இரண்டு ஒப்பந்தங்கள் கைமாறிப் போயின. மாதம் ஒரு முறை மச்சினன் வீட்டுக்குப் போய்வருகிறார். பேச்சு இரண்டு வார்த்தையைத் தாண்டுவதில்லை. மனைவி மட்டும் அவரோடு கூட வருவதில்லை. தம்பியைப் பார்க்கத் தனியாகத்தான் போகிறாள்.