வாசலுக்கு மேலே ஓர் ஓட்டை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். எழுதத்தான் மெல்ல மெல்ல வரும். நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

போன கோடையில், ஜேர்மனியில் இருக்கும் மூத்தவன் என்னை ஒரு மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போனான். பல நூறு வருசப் பழசாம். சுவருக்குள்ளே ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம், அவ்வளவு தடிப்பு. சன்னல்கள் வெளியே கீறல் மாதிரி, உள்ளே அகலம். அம்பு விடுகிறவனுக்கு ஊரே தெரியும், அவனை ஒருவருக்கும் தெரியாது. படி வலப்பக்கமாகச் சுற்றி ஏறுகிறது. ஏறி வருகிற எதிரியின் வாள்கை நடுத்தூணில் இடிக்கவேண்டுமாம். எனக்கும் இடித்தது. கடைசியில் வாசலுக்கு மேலே ஓர் ஓட்டையைக் காட்டினான்.

"இதுக்குள்ளால கொதிதண்ணி ஊத்துவினமாம், அம்மா."

"எனக்கென்ன தெரியாதோ? கொட்டாஞ்சேனையில பாத்தனான்."

அந்த ஓட்டைக்குக் கீழே ஈரச் சாம்பல் மணத்தது. எனக்கு மட்டும்தான் போலும்.

பட்டணத்துக்கு வந்த புதிதில், கொட்டாஞ்சேனையில் நாங்கள் ஒரு மாடிவீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்காரி. அவள் சமைக்கும் குசினியின் சன்னல் எங்கள் முற்றத்துக்கு நேர் மேலே. முதல் தைப்பொங்கலன்று மூன்று கல் வைத்துப் பானை ஏற்றினேன். பால் விளிம்புக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் பட்டாசோடு நிற்கிறார்கள். மேலேயிருந்து ஒரு வாளி தண்ணீர். அடுப்பு சீறி அணைந்தது.

"என்ர கேர்ட்டினெல்லாம் புகை! பொங்கிறதெண்டால் ஊருக்குப் போய்ப் பொங்கு!"

தன் பொங்கலை அவள் உள்ளே காஸ் அடுப்பில் முடித்துவிட்டாள். பொங்காமல் பானை இறக்குவது எவ்வளவு அபசகுனம் என்று அவளுக்கும் தெரியும். அண்ணாந்து சொன்னேன்: "ஒருநாள் உன்ர தலைக்கு மேல பொங்குவன், இரு." சிரித்தாள்.

கோட்டைகளை அனேகமாகச் சண்டை பிடித்து எடுப்பதில்லையாம். கீழே கூடாரமடித்துக் காத்திருப்பார்களாம். நானும் காத்திருந்தேன். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். காணிக்காரி என்று அவளுக்கு இரண்டாம் மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். வெள்ளவத்தையில் எனக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் ஒற்றைக்காலில் நின்று, அதே கட்டடத்தில், மூன்றாம் மாடியில் அவளுக்கு நேர் மேல் வீட்டை வாங்குவித்தேன்.

ஒவ்வொரு தையிலும் பல்கனியில் அடுப்பைத் தூக்கி வைத்துப் பொங்குகிறேன். பால் வழிய வழிய விடுகிறேன், துடைப்பதில்லை. கீழே அவளுடைய கேர்ட்டின்.

முற்றம் போய்விட்டது. அந்தச் சன்னலும் போய்விட்டது. பட்டாசு கொளுத்திய பிள்ளைகளும் ஆளுக்கொரு நாட்டில். பேத்தி மட்டும் என்னோடு இருக்கிறாள்.

"பிள்ளை, எழுதினதை ஒருக்கா வாசி பாப்பம். இங்க இல்லை, பல்கனியில நிண்டு வாசி. சத்தமா. கீழ இருக்கிறவளுக்கு இப்ப காது மந்தம்."