நன்றாகக் கேட்கிறது, நன்றி

ரேடியோ வால்வுகள் சூடேறும்போது அவற்றின்மேல் படிந்த தூசி கருகுமே, அந்த வாசனைதான் எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆனதற்கு அடையாளம். எழுபதுகளில் போலாரத்தில், ஓடு வேய்ந்த ரயில்வே குடியிருப்பொன்றில் இருந்தோம். சிக்னல் பிரிவில் வேலை பார்த்த அப்பா, ஆபீஸிலிருந்து வந்து காப்பியைக் குடித்துவிட்டு, ராணுவக் கழிசல் ஏலத்தில் எடுத்த பாகங்களைக் கொண்டு தாமே பூட்டிய ரேடியோவின் முன்னால் உட்கார்ந்தால், சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதுதான் எழுந்திருப்பார். அவர் உரிமம் பெற்ற 'ஹாம்', அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் செய்தி அனுப்பிப் பெறுபவர். கடல் கடந்த ஊர்களில் தம்மைப் போலவே பெட்டியும் கம்பியுமாக உட்கார்ந்திருப்பவர்களோடு புள்ளியும் கோடுமான மோர்ஸில் பேசுவார். அந்தப் பெட்டிக்கு அம்மா வைத்த பெயர் 'மூத்த மருமகள்'. ஏரியல் கம்பி முற்றத்தை அடைத்துக்கொண்டதால் அம்மாவின் ஈரப்புடவைகள் கொல்லைக் கதவின்மேல் காய்ந்தன.

பேசுவார் என்றா சொன்னேன்? பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, எந்த ஊர் கேட்கிறது, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் மோர்ஸ் தட்டும் கீயில் கை வைக்கமாட்டார். அபூர்வமான தீவிலிருந்து எவராவது ஒலிபரப்பினால் உலகமே அவரைக் கூப்பிடும். அந்த நெரிசலில் நம் அழைப்புக் குறியை ஒரு தடவை அனுப்ப வேண்டும், உடனே கையை எடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். அவர் வேறொருவருக்குப் பதில் சொன்னால் குறுக்கே விழக்கூடாது. நமக்கே சொன்னால், எப்படிக் கேட்கிறது என்பதற்கான எண்ணையும் நன்றியையும் அனுப்பிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும், பின்னால் நிற்பவர்களுக்காக. இந்தச் சட்டமெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசைக்கும் பொருந்தும். அம்மா ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தால் "அவ முடிக்கட்டும்" என்று அப்பா சொல்வார், நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். மற்ற வீடுகளில் கத்திச் சண்டை போட்டுவிட்டு மறுநாள் சிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அவரவர் முறைக்குக் காத்திருந்தே நாள் போயிற்று. இப்போது நினைத்தாலும் அயர்வாக இருக்கிறது.

அந்த ஒழுங்கையெல்லாம் என்னைவிடச் சுத்தமாகக் கற்றுக்கொண்டவன் என் அண்ணன் ஆல்பர்ட். அவனும் உரிமம் வாங்கினான். மோர்ஸ் அனுப்பும்போது கடைசிக் கோட்டை மட்டும் கொஞ்சம் இழுப்பான், அதற்கு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். அப்பா அவனுக்கு ரயில்வேயில் வேலைக்குச் சொல்லி வைத்தார். வேண்டாம் என்பதற்குப் போலாரத்துப் பையன்கள் சொல்வது மாதிரி அவன் "நக்கோ" என்றான். வார்த்தை தடித்தது. என் பேச்சைக் கேட்காதவனுக்கு இங்கே என்ன வேலை என்று அப்பா சொல்ல, அண்ணன் பெட்டியை எடுத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான். கப்பலில் சேர்ந்துவிட்டதாக யார் மூலமோ தெரிந்தது. கடிதம் ஒன்றும் வரவில்லை. அம்மா ஜெபத்தில் அவன் பேரைச் சொல்லும்போது அப்பா கண்ணைத் திறந்துகொண்டிருப்பார்.

ஒரு மழைக்காலச் சாயங்காலம், நான் மேசைப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, அப்பா ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆல்பர்ட்டு" என்றார். இந்தியப் பெருங்கடலில் ஏதோ ஒரு தீவு, அந்த ஊர் அழைப்புக் குறி. பேர் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கடைசிக் கோட்டு இழுப்பு உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாதாம். சமையலறையிலிருந்து மாவுக் கையோடு அம்மா ஓடிவந்தாள். அப்பா தம் குறியை ஒரு தடவை அனுப்பினார், காத்திருந்தார். வேறு யாருக்கோ பதில் போயிற்று. மறுபடி காத்திருந்து அனுப்பினார். அவர் முகம் மாறியதிலிருந்து இந்தத் தடவை பதில் எங்களுக்குத்தான் என்று தெரிந்தது. எண்ணை அனுப்பினார், நன்றியை அனுப்பினார், கையை எடுத்துவிட்டார்.

"என்ன சொன்னான்?" என்றாள் அம்மா.

"நல்லாக் கேக்குதுன்னான். நன்றின்னான்."

"சாப்பிட்டியா, எப்ப வாறன்னு ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்? நம்ம புள்ளைல்லா?"

"அவன் பின்னால ஊரே நிக்கிது. வீட்டுக்கதை பேசுற இடமா அது?"

அம்மா அன்று மேசைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அப்பா தினமும் ரேடியோ முள்ளை அதே இடத்தில் வைத்துக் கேட்டார். அந்தத் தீவு மறுபடி வரவில்லை. அடுத்த கோடையில் மாரடைப்பில் அப்பா போய்விட்டார். செய்தி ஏதோ துறைமுகத்தில் அண்ணனை எட்டி அவன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

போலாரத்து வீட்டை இடித்துவிட்டார்கள். ரேடியோவை அம்மாவே பழைய சாமான்காரனுக்குப் போட்டாள். நான் கொண்டாப்பூரில் மகனோடு இருக்கிறேன். இங்கே எல்லோரும் நாள் முழுக்க ஃபோனில் பேசுகிறார்கள், ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் பேசுகிறார்கள். 'அவ முடிக்கட்டும்' என்று சொல்ல ஆளில்லை. அண்ணனும் தினமும் கூப்பிட்டுத் தன் சர்க்கரை அளவைச் சொல்கிறான். போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, எனக்கும் வயதாகிவிட்டதால் கேட்டுவிட்டேன், அந்தத் தீவிலிருந்து அன்றைக்கு அப்பாவுக்கு ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பியிருக்கக்கூடாதா என்று.

"அடுத்த ஆளைக் கூப்பிடாம கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன் பாப்பா," என்றான். "அப்பா ஏதாவது சொல்வாருன்னு பார்த்தேன்."

அன்றைக்குக் கீயிலிருந்து எடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், இவன் ஏதாவது சொல்வானா என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.