பதினேழிலிருந்து வந்த பதில்

சிரிக்கிறதெண்டா இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க, இடையில சிரிச்சா எனக்குக் கோவம் வரும். நான் குறிஞ்சாக்கேணி ஆள், பதினாலு வருசமாக் கொம்பியூட்டரோட மல்லுக்கட்டுறன். ஒரு மெஷின் வேலை செய்யல்லையெண்டா ஒண்டில் கேபிள் பிழை, இல்லாட்டி அதைத் தொட்ட ஆள் பிழை, மூண்டாவது காரணமே இல்லையெண்டு சொல்லித் திரிஞ்சவன். ஜின், பேயெண்டு ஆராவது கதை எடுத்தா எழும்பிப் போயிருவன். இது ராத்திரிக் கதையும் இல்ல, பட்டப்பகல் பதினொரு மணி, வெளியில வெயில் கொளுத்துது.

திருகோணமலை ஹார்பர் பக்கம் மீன்பிடிச் சங்கம் ஒண்டுட ஒபீஸ். ஆழ்கடலுக்குப் போற போட்டுகள்ல சின்னக் கருவி ஒண்டு பூட்டியிருக்கு, போட் எந்த இடத்தில நிக்குதெண்டு அது செட்டலைட் வழியா ஒபீஸ் சேர்வருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சேர்வர் முதல் நாள் பின்னேரம் செத்துப் போச்சு, திருத்த என்னக் கூப்பிட்டாங்க. கடலும் பொல்லாத கடல். பன்னிரண்டு போட் வெளியில, அதில ஒன்பதாம் நம்பர்ல என்ட தங்கச்சிட மாப்பிள்ளை நிஸ்தார். ரேடியோவிலயும் அவன்ட சத்தம் இல்ல. எங்கட ஊர்ல அண்ணனக் காக்கா எண்டுதான் கூப்பிடுறது. தங்கச்சி கோல் எடுத்தா, அழேல்ல, "எப்ப சரிவரும் காக்கா?" எண்டு மட்டும் கேட்டா. அழுதிருந்தாத் தாங்கியிருப்பன்.

புது மெஷினுக்கு யுனிக்ஸ் எண்ட ஒபரேட்டிங் சிஸ்டத்தப் போட்டு, சேர்வர் மென்பொருளையும் ஏத்திக்கொண்டு போக, நெட்வேர்க் செட்டிங் கேக்கிற இடம் வந்திச்சு. மெஷினுக்கு ஒரு விலாசம் குடுக்க வேணும். அந்தச் சங்கத்தில வழக்கம் என்னெண்டா, போட்டுக்குச் சங்கம் குடுத்த நம்பர்தான் அதுட நெட்வேர்க் விலாசத்திலயும் கடைசி நம்பர். நம்பருகள் எழுதி வைச்சிருக்கிற சங்கத்துக் கொப்பியப் பாத்தன், பதினாறு இருக்கு, பதினெட்டு இருக்கு, பதினேழு வெறுமை. அவசரம்தானே, ஆரையும் கேக்காமப் பதினேழ அடிச்சிட்டன்.

உடனே ஸ்கிரீன்ல ஒரு வரி, இந்த விலாசத்த வேற ஒரு ஆள் பாவிக்கிறாரெண்டு. சரி, ஆரெண்டு பாப்பமெண்டு புது மெஷின்ட கேபிளக் கழட்டி வைச்சிட்டு என்ட லெப்டொப்பில இருந்து பதினேழுக்கு பிங் அடிச்சன். பிங் எண்டா கதவத் தட்டிப் பாக்கிற மாதிரி, ஆள் இருந்தாப் பதில் வரும், பதில் வர எவ்வளவு நேரம் எடுத்ததெண்டும் மில்லிசெக்கன்ல காட்டும். பதில் வந்திச்சு. தொள்ளாயிரம், நடுக்கடல்ல நிக்கிற போட்டுக்கு அவ்வளவு எடுக்கும். பிறகு எழுநூறு. முந்நூறு. நாப்பது. நடந்து வாற மாதிரிக் குறைஞ்சு குறைஞ்சு கடைசியில ஒண்டுக்கு வந்து நிண்டிச்சு. ஒண்டெண்டா அந்த அறைக்குள்ள இருக்க வேணும். அறைக்குள்ள நானும் சங்கத்தில எழுத்து வேலை பாக்கிற பரமேஸ் அக்காவும்தான். லெப்டொப்பின்ட கேபிளையும் புடுங்கினன், வைஃபையும் அங்க இல்ல. நம்பினா நம்புங்க, பதில் நிக்கேல்ல.

அக்கா என்ட முகத்தப் பாத்திட்டு எழும்பி வந்தா. சல்லியெண்ட கடற்கரை ஊர் ஆள், அதிகம் கதைக்க மாட்டா.

"தம்பி, ஆர் உங்களுக்குப் பதினேழத் தந்தது?"

"வெறுமையா இருந்திச்சு அக்கா."

"அது வெறுமை இல்ல, விட்டு வைச்சிருக்கு. கடலுக்குப் போய்த் திரும்பாத போட்டுட நம்பர நாங்கள் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்ல." கொப்பிய எடுத்து மூடி வைச்சிட்டு, "அதில என்ட மனுசனும் போனவர்" எண்டா. நாலு வருசமாம், ஒரு பலகைத் துண்டு கூடக் கரையொதுங்கேல்லயாம்.

எனக்கு வெக்கமும் பயமும் ஒண்டா வந்திச்சு. விலாசத்த நாப்பதெண்டு மாத்திக் குடுத்து, கேபிளத் திரும்பப் பூட்டினன், மெஷின் எழும்பிச்சு, போட்டுகள் ஒவ்வொண்டா வரைபடத்தில விழுந்திச்சு. பதினொண்டு. ஒன்பதாம் நம்பர் மட்டும் இல்ல. தங்கச்சிக்கு என்ன சொல்லப் போறன்? அந்த நேரம் இன்னொரு புள்ளி விழுந்திச்சு, சம்பூருக்கு நேர கிழக்கால, நல்ல தூரத்தில. பக்கத்தில பதினேழு எண்டு இருந்திச்சு. ஒரே ஒருக்காத்தான், பிறகு இல்ல.

"அக்கா, அந்த இடத்துக்குக் கிட்ட நிக்கிற போட்ட ஒருக்காப் போய்ப் பாக்கச் சொல்லுங்க" எண்டன். ஏன் சொன்னனெண்டு எனக்கே தெரியாது. அவ புள்ளி விழுந்த இடத்தப் பாத்தா, என்னப் பாத்தா, ரேடியோவ எடுத்தா.

பின்னேரம் நிஸ்தாரையும் மற்ற மூண்டு பேரையும் உயிரோட கொண்டு வந்து இறக்கினாங்க. அந்தப் புள்ளியில எஞ்சின் நிண்டு கிடந்திருக்கிறாங்க. அவங்கட கருவி முதல் நாள் ராத்திரியே அலையோட போயிட்டாம், ரேடியோவும் நனைஞ்சு செத்திட்டாம். காக்காதான் கண்டுபிடிச்சாரெண்டு தங்கச்சி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வட்டிலப்பம் செஞ்சு தந்தா. நான் தொடேல்ல, அது வேற ஆளுக்குச் சேர வேண்டிய நன்றி.

போன கிழமை அந்தச் சேர்வரப் பாக்கப் போனனான். அக்கா தேத்தண்ணியக் கொண்டு வந்து வைச்சிட்டு, ஜன்னல் பக்கம் பாத்துக்கொண்டு கேட்டா, "தம்பி, பதினேழக் கூப்பிட்டா இப்பவும் பதில் வருதா?"

"இல்ல அக்கா" எண்டன்.

பொய் சொன்னன். மாசம் ஒருக்கா நான் கூப்பிட்டுப் பாக்கிறனான், வருது. அண்டைக்கு ஒண்டு, அந்த அறைக்குள்ள; அடுத்த மாசம் இருநூறு மில்லிசெக்கன், அதுக்கடுத்த மாசம் அறுநூறு, இப்ப மூவாயிரத்தையும் தாண்டிற்று. அவர் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறார். நீங்களே சொல்லுங்க, இத நான் அவவிட்ட என்னெண்டு சொல்லுறது?