எந்த ஓட்டலுக்குக் கூட்டிப் போவது

தேசப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இறங்கி ஏறச் சோம்பல்பட்டு, மனைவி குப்பம்மா கட்டிக் கொடுக்கும் சோற்றை உயரத்தில் கேபினுக்குள் உட்கார்ந்து தனியாகவே சாப்பிட்டுப் பழகியவர். ஓட்டலில் சாப்பிட்டதையெல்லாம் விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவர் 2003ஆம் வருடம் ஆவணியில் ஒரு வாரம் முழுக்க, ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே இருக்கிற ஓட்டல் வாசல்களில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

எல்லாம் மதிக்காகத்தான். மதி அவருடைய ஒரே மகள். கல்மண்டபத்தில் படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையில் வேலை பார்க்கும் ஒவைஸை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அன்றிலிருந்து இரண்டு வருடமாக அவர் அவளிடம் பேசவில்லை. குப்பம்மா மட்டும் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மகளைப் பார்த்துவிட்டு வருவாள். அது அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"அதுக்கு அஞ்சாம் மாசம்யா. நைனாவப் பாக்கணும்னு சொல்லிகினே கீது," என்றாள் குப்பம்மா. "இங்க வந்தா உன் தம்பி ரகள பண்ணுவான். அவுங்க வூட்டுக்கு நீ வரமாட்ட. எங்கனா ஓட்டல்ல ஒரு வேள ஒண்ணா சாப்ட்டு வந்துடலாம். எந்த ஓட்டல்னு நீயே சொல்லு."

"சரி, பாத்துச் சொல்றேன்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதோடு நிம்மதி போயிற்று.

தேரடிப் பக்கம் ஒரு சைவ ஓட்டல் சுத்தமாக இருந்தது. ஆனால் தன்னோடு கறிசோறு தின்னக் கூச்சப்பட்டு மாமனார் இங்கே கூட்டி வந்திருக்கிறார் என்று அந்தப் பையன் நினைத்துவிட்டால்? வண்ணாரப்பேட்டை பிரியாணிக் கடைக்குப் போகலாமென்றால் அது அவன் குடியிருக்கிற தெரு. அவன் தெருவில் உட்கார்ந்து அவனுக்கு விருந்து வைப்பதா? டோல்கேட் பக்கத்து மெஸ்ஸில் எப்போது பார்த்தாலும் துறைமுக ஆட்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஏசி ஓட்டல் ஒன்றின் படி வரைக்கும் போய், தன் செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கேபினில் உட்கார்ந்தாலும் இதே நினைப்பு. ஒரு நாள் கன்டெய்னர் பெட்டியை வேறொரு டிரெய்லரின் மேல் இறக்கப் போய், கீழே நின்றவர்கள் கத்தித் தடுத்தார்கள்.

சனிக்கிழமை ஒரு வழியாக முடிவுக்கு வந்தார். காசிமேட்டில் மீன் சாப்பாடு. மீன் என்றால் எந்தப் பக்கத்திலும் வருத்தம் வராது.

மறுநாள் மதியம் காசிமேடு பஸ் ஸ்டாப்பில் மதியும் ஒவைஸும் காத்திருந்தார்கள். மதி கொஞ்சம் கறுத்து, முகம் பூசினாற்போல் இருந்தாள். அவளைப் பார்க்காமல் தேசப்பன் தான் வந்திறங்கிய பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்க மாமா," என்றான் ஒவைஸ்.

"ம். போலாம்."

மீன் கடையை நெருங்குவதற்குள் மதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "நைனா, மீன் வாசனையே ஆவல. கொடலப் பொரட்டுது."

ஒரு வாரத்து யோசனை நடுரோட்டில் கவிழ்ந்தது. "வா, வேற எடம் பாக்கலாம்," என்று முன்னால் நடந்தார். ஒரு கடையில் கூட்டம். இன்னொன்று இருட்டாக இருந்தது. அதற்கடுத்ததை, "வாணாம், கலீஜா கீது," என்று அவரே தள்ளினார். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று புகை கக்கின. வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் வேகம் மட்டும் குறையவில்லை.

"புள்ளத்தாச்சிய இப்டியா இழுத்தடிப்ப?" என்று பின்னாலிருந்து குப்பம்மா கத்தினாள்.

மதி நின்றுவிட்டாள். "நைனா, எனக்குப் பசிக்குது. நான் இங்கியே பூந்துடுறேன்." பக்கத்திலிருந்த மெஸ்ஸுக்குள் விறுவிறுவென்று நுழைந்தாள். பெயர்ப்பலகையில் 786 என்று இருந்ததைப் பார்த்து ஒவைஸும் பின்னால் போனான்.

இலை போட்டு, சோறு வைத்து, கறிக்குழம்பு ஊற்றினார்கள். முதல் பிடி எடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னா நைனா, ஞாயித்துக்கெயமல இந்தாண்ட? யாரு இவங்க?"

அவரோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கும் பக்தவச்சலம், சாப்பிட்டு முடித்துப் பல் குத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"தெரிஞ்ச பசங்க," என்றார் தேசப்பன்.

பக்தவச்சலம் தலையாட்டிவிட்டு வெளியே போனார். மதியின் கை இலையிலேயே நின்றது. குப்பம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவைஸ் தண்ணீர் டம்ளரை மதியின் பக்கம் நகர்த்தி, "நீ சாப்புடு," என்றான் மெதுவாக.

தேசப்பன் ஒரு வாய் வைத்தார். சட்டென்று எழுந்து, சோற்றுக் கையோடு வெளியே போனார். பக்கத்துப் பெட்டிக்கடையில் பக்தவச்சலம் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"பக்தா, உள்ள கீறது என் பொண்ணு. கூட கீறது என் மருமவன்."

பக்தவச்சலம் அந்தக் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அத்தச் சொல்லவா பாதியில எந்திரிச்சி வந்த? போய்த் துன்னு நைனா."

திரும்பி வந்தபோது, சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று நினைத்துப் பரிமாறுகிறவர் அவருடைய இலையை எடுத்துவிட்டிருந்தார்.

"எங்க போன?" என்றாள் மதி.

"அவனாண்ட ஒண்ணு மாத்திச் சொல்லிட்டேன். சரியாச் சொல்லிட்டு வந்தேன்."

மதி குனிந்து சோற்றைப் பிசைந்தாள். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "எங்க நைனாவுக்கு வேற எல போடுங்க," என்றாள்.

அதன் பிறகு மாதம் ஒரு முறை நால்வரும் வெளியே சாப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இடம் தேர்ந்தெடுக்கிறேன் என்று தேசப்பன் எல்லோரையும் வாட்டி எடுத்தார். மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. உமைமா என்று பெயர் வைத்தார்கள். தேசப்பனின் தம்பி அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். அண்ணனாகப் போய்ப் பேசியும் அவன் மசியவில்லை.

தேசப்பன் முதல் தடவையாக மகள் வீட்டுக்குப் போனார். ஒவைஸின் அம்மா ரசூல் பீவி சோறு வைத்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவசர அவசரமாகச் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்க ஆரம்பித்தார்.

"ஒக்காருங்க அண்ணே," என்றாள் ரசூல் பீவி.

"ஒக்காந்தா அழுவுதும்மா," என்று சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டே இருந்தார்.