நிகிஃபோர் வெட்டிய ஸ்பைரியா வேலி

பள்ளிக்கூடத்துக்கும் நிகிஃபோருக்கும் ஒத்துவரவில்லை. மீசை அரும்பும் முன்பே கூட்டுப்பண்ணை டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பண்ணை கலைந்தபின், பங்காக வந்த திராட்சைத் தோட்டமே கதி என்றாயிற்று. பேச்சு குறைவு. பேசினாலும் கதவை அறைந்து சாத்துவதுபோலத்தான் இருக்கும். ஆனால் கொடி வெட்டும் கத்தரியைக் கையில் எடுத்துவிட்டால் அந்த ஊரில் அவரை அடிக்க ஆளில்லை. மார்ச் மாதம் அவர் கழித்துவிட்ட கொடியில் அறுப்புக் காலத்தில் குலைகள் தரையைத் தொடும்.

வீட்டுத் தோட்டத்தில் உருளையும் வெங்காயமும் திராட்சைப் பந்தலும் அவர் பாடு. தெருவோரம் வேலியாக நின்ற ஸ்பைரியாப் புதர்கள் முழுக்க மனைவி அக்லாயாவின் ராஜ்யம். கல்யாணமான புதிதில் அவள் குச்சிகளை மண்ணில் அமுக்கி வேர்விட வைத்து நட்டது. மே மாதம் வந்தால் ஒவ்வொரு குச்சியும் வில்லாக வளைந்து, அடியிலிருந்து நுனிவரை வெள்ளையாகிவிடும், இலையே தெரியாது. தெருவில் போகிறவர்கள் தோளில் பூவோடுதான் வீடு போய்ச் சேருவார்கள். நிகிஃபோர் அதைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "வழியை அடைக்குது."

ஒரு குளிர்காலத்தில் கோழிக்குத் தண்ணீர் கொண்டுபோன அக்லாயா பாதி வழியில் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இதய வால்வு கெட்டுவிட்டதாம். தலைநகர் கிஷினாவ் ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து சரிசெய்தார்கள். அறுவைசிகிச்சை செய்த டாக்டர் வெளியே வந்து "பிழைச்சுட்டாங்க" என்று சொன்னபோது, நிகிஃபோர் அவர் கையைப் பிடித்தவர் விடவில்லை. நர்ஸ் வந்து பிரித்துவிட வேண்டியிருந்தது.

வசந்தம் வந்தும் அக்லாயாவை வீட்டுக்கு விடவில்லை. தினமும் போனில் பேசுவாள். குரல் நூலாக இழையும்.

"மொட்டு விட்டுருக்கா?"

"எது?"

"எதுவா? ஸ்பைரியாதான். வேற எதைக் கேப்பேன், உன் உருளைக்கிழங்கையா?"

"விட்டுருக்கு, விட்டுருக்கு." அவர் போய்ப் பார்க்கவில்லை.

"அது பூக்கறப்ப வீட்டுல இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இங்க சுவரையே பாத்துக்கிட்டுக் கிடக்கேன்."

ஈஸ்டர் முடிந்ததும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அந்த ஊரில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டார்கள். மரத்தின் அடிப்பாகத்துக்குச் சுண்ணாம்பு, ஓரக்கல்லுக்குச் சுண்ணாம்பு, கேட்டுக்குப் பெயிண்ட். சுண்ணாம்புக்குத் தப்புவது கோழிகளும் பாதிரியாரும்தான். இந்த வருஷம் நிகிஃபோர் எல்லாரையும் மிஞ்சினார். அவள் வருகிறாளே. வாதுமை மரம் வெள்ளைக் காலுறை போட்டதுபோல நின்றது. கேட்டு நீலமாகப் பளபளத்தது. மிச்சமிருந்தது வேலி ஒன்றுதான், பரட்டைத் தலையாகத் தெருவில் சரிந்துகிடந்தது. திராட்சைக் கத்தரியை எடுத்தார். கொடியைக் கழிப்பதுபோலவே முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டினார். கயிறு பிடித்துப் பார்த்தார். நேர்கோடு. மனசு நிறைந்துபோயிற்று.

எதிர்வீட்டு பரஸ்கிவா முட்டைக் கூடையோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"நல்லா இருக்கில்ல? அவ வர்றா. காடு மாதிரி கிடந்துச்சு."

அவள் குவியலிலிருந்து ஒரு குச்சியை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். "இது என்ன?"

"குச்சி."

"குச்சியில என்ன?"

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். தினையரிசி போலப் பச்சைப் பொடிகள், கொத்துக் கொத்தாக.

"மொட்டுண்ணே. உங்க திராட்சை மாதிரி புதுத் துளிர்ல வர்றதில்ல. போன வருசம் வளந்த குச்சியில இருந்தாத்தான் பூ. பூ உதிர்ந்த பெறகுதான் இதுல கத்தரி வைக்கணும். அக்கா வருசா வருசம் உங்க கண்ணு முன்னாடிதானே வெட்டுவாங்க?"

நிகிஃபோர் சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். அக்லாயா ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்.

"ஒண்ணும் பண்ண முடியாதா?"

"மொட்டை அடிச்ச தலையில மயிரை ஒட்டுவாங்களாண்ணே?" என்றவள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கொளுத்துவதற்காக வைத்திருந்த திராட்சைச் சுள்ளிகளோடு அந்தக் குச்சிகளும் கிடந்தன. திராட்சைக் குச்சியைத் தண்ணீரில் வைத்தால் துளிர் விடும். இது மட்டும் என்ன, செத்தா போய்விட்டது? ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகள், பால் கேன், கழுத்து உடைந்த ஒயின் குடுவை எல்லாம் நிரம்பின. போதாததற்கு அக்லாயாவின் சூப் பாத்திரமும். குச்சியின் அடியைக் கீறிவிடவும் தண்ணீரை மாற்றவும் பரஸ்கிவா சொல்லிக்கொடுத்தாள், இன்னும் நாலு ஜாடியும் தந்தாள். வெளியே வெயில் அடிக்க, மொட்டு சூட்டில் விரியட்டும் என்று வீட்டில் அடுப்பை எரித்தார். தெருவில் கேலி பேசினார்கள்: "என்ன, அண்ணனுக்கு இப்பத்தான் ஜனவரியா?"

"மொட்டு எப்படி இருக்கு?" என்றாள் அக்லாயா போனில்.

"பெருத்துட்டு வருது" என்றார். பொய்யில்லை. ஆனால் வியர்த்துவிட்டது.

பாதி ஜாடிகள் ஏமாற்றிவிட்டன. சிலது காய்ந்தது, சிலது வெறும் இலைதான் விட்டது. ஈஸ்டர் அன்று கோயிலிலிருந்து மந்திரித்த ரொட்டியோடு வந்தபோது, அடுப்போரத்து ஜாடியில் ஒரு கொத்து வெள்ளையாக விரிந்திருந்தது. நிகிஃபோர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதன் முன்னால் நின்றார்.

ஈஸ்டர் முடிந்த வாரம் பரஸ்கிவாவின் மருமகன் அவளைக் காரில் கொண்டுவந்து இறக்கினான். அக்லாயா நீலக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, வேலி இருந்த இடத்தில் நின்ற கட்டைகளைப் பார்த்தாள்.

"யாரு வேலை?"

"நான்தான்."

"எதுக்கு?"

"நீ வர்றேன்னு."

அவள் உள்ளே போனாள். ஜன்னல் திட்டில், மேஜையில், அலமாரிமேல், தரையில், எங்கு பார்த்தாலும் ஜாடி. வெள்ளையும் பச்சையும் காய்ந்ததுமாக. கால் பட்டால் இதழ் உதிர்ந்தது. அவள் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு குச்சியை இழுத்து, பூவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நிகிஃபோர் வாசல்நிலையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"ஏ மனுசா." ஆரம்பித்தாள். "ஊறுகா ஜாடியிலயா? இது என் சூப்புப் பாத்திரம்! இதுலயுமா?"

"ஜாடி பத்தலை."

"தெருவுக்கே மொட்டை அடிச்சுட்டு ஜாடி பத்தலையாம்! இத்தனை வருசம் என்னத்தைப் பாத்தே? வேலிக்கும் கொடிக்கும் வித்தியாசம் தெரியாதா?"

குரல் சுவரில் முட்டித் தெருவுக்குப் போயிற்று. அந்தப் பக்கம் பரஸ்கிவா சிரிப்பது கேட்டது. அத்தனை திட்டையும் நிகிஃபோர் வெயில் காய்வதுபோல நின்று வாங்கிக்கொண்டார்.

அவள் மூச்சு வாங்கியதும் கேட்டார். "திரும்பத் தழைக்குமா?"

"தழைக்கும். வேர் கெட்டி. இந்தக் கோடையில புதுக் குச்சி விடும், அதைத் தொட்டே, கையை ஒடிச்சுருவேன். வர்ற வசந்தத்துக்கு அதுலதான் பூ."

"நீ பொழைச்சு வந்தியே. எனக்கு அது போதும்."

"உனக்குப் போதும், செடிக்குப் போதாது. அடுப்புச் சாம்பலை அள்ளு."

நாற்காலியை வேலியோரம் போடச் சொல்லி, சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் சாம்பல் வாளியோடு முட்டி போட்டார்.

"அங்க இல்ல. அடித்தண்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி."

அவர் தள்ளிப் போட்டார்.