சுவரைப் படம் எடுப்பவர்

எங்கள் அத்தானுக்குத் தெருவில் ‘செங்கல்’ என்று பெயர். வைத்தவர்கள் எதிர்வீட்டுக்காரர்கள். அவர்கள் வீட்டின் பக்கச் சுவர் இன்னும் பூசாத செங்கல் சுவர். புதிதாக ஒரு லென்ஸ் வந்து இறங்கினால் அத்தான் முதலில் படம் எடுப்பது அந்தச் சுவரைத்தான். இரண்டாவதாக எடுப்பதும் அதைத்தான். முக்காலியை நிறுத்தி, மட்டம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, நான்கு மூலையிலும் உள்ள செங்கற்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார். நடுவில் இருக்கிற செங்கல் என்ன பாவம் செய்தது என்று ஒருமுறை கேட்டேன்.

“நடுவுல எந்த லென்ஸும் நல்லாத்தான் இருக்கும். மூலையிலதான் அதோட யோக்கியதை தெரியும்” என்றார்.

அவர் என் அக்காவின் கணவர். வேலை, மூக்குக்கண்ணாடிக் கடையில். பகல் முழுக்க வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று கேட்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொள்வார். ஊரார் கண்ணையெல்லாம் சரி செய்கிற மனிதர் என்று அவரைப் பற்றிக் கடை முதலாளிக்குப் பெருமை. எனக்கு அந்தப் பெருமை கிடையாது, ஏனென்றால் நான் அவரை வீட்டில் பார்க்கிறவள்.

நான்கு வருஷத்துக்கு முன்பு வரை அவரிடம் பழைய வகைக் கேமராக்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தள்ளிவிட்டு மிரர்லெஸ் என்கிற புது வகைக்கு மாறினார். உள்ளே இருந்த மிரர் என்கிற கண்ணாடியை எடுத்துவிட்டார்களாம், அதனால் கேமரா சின்னதாகிவிட்டதாம், எடை குறைந்துவிட்டதாம். சந்தோஷம் என்றேன். மாறிய பிறகு அவர் வாங்கிய லென்ஸ் ஒன்றை ஒருநாள் மேஜை துடைப்பதற்காகத் தூக்கினேன். இஸ்திரிப் பெட்டி கனம் இருந்தது. “வெளிச்சம் நிறைய உள்ள வரணும்னா கண்ணாடி பெருசா இருந்தாத்தான் முடியும்” என்று விளக்கம் சொன்னார். விளக்கத்துக்கு அவரிடம் என்றுமே பஞ்சமில்லை. கேமராவுக்கு உள்ளேயே கைநடுக்கத்தைச் சரிக்கட்டுகிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் எனக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறார்.

இவரைப் போலவே இன்னும் நான்கு பேர் உண்டு. ஐந்து பேரும் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நேரில் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒருவர் புத்தக அலமாரியை அனுப்புவார், இன்னொருவர் சுவரை அனுப்புவார். ஒருவர் பூனை வைத்திருக்கிறார். அவர் அனுப்புகிற படத்தில் பூனையின் மீசை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம், பூனையைத்தான் பார்க்க முடியாது. ஒருவர் புது லென்ஸ் வாங்கிவிட்டால் மற்ற நால்வருக்கும் சாப்பாடு இறங்காது.

இவ்வளவும் இருக்கிற வீட்டில் யாரும் போனில் படம் எடுக்கக்கூடாது. அது அத்தான் போட்ட சட்டம். எடுத்தால், “அதெல்லாம் ஒரு படமா? இரு, நான் எடுக்கிறேன்” என்று உள்ளே போவார். எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று அவர் தேர்ந்து முடிப்பதற்குள் பிறந்தநாள் பிள்ளை தூங்கிவிடும்.

மழை பெய்தால் சுவரைப் படம் எடுக்க முடியாது. அந்த நாட்களில்தான் அக்காவுக்கு வேலை வரும். கண்ணாடிக் கடையில் கழித்துப் போட்ட எழுத்து அட்டை ஒன்றை அத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. அக்கா அதை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார வேண்டும். நெற்றியிலிருந்து மார்பு வரை மறைத்துவிடும். “அசையாதே” என்பார். அக்கா அசைய மாட்டாள். “மூச்சு விடலாமா?” என்று அட்டைக்குப் பின்னாலிருந்து கேட்பாள். பன்னிரண்டு வருஷமாக இது நடந்தது.

அக்கா சின்னப் பிள்ளைகள் பள்ளியில் ஆசிரியை. அவள் சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும். அழுகிற பிள்ளைகளை அந்த முகத்தை வைத்துத்தான் அடக்குவாள். கன்னத்தை உப்பி, மூக்கைச் சுருக்கி, ஒரு கண்ணை மட்டும் மூடி அவள் காட்டுகிற சேஷ்டைகளுக்காகவே வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்த பிள்ளைகள் உண்டு.

இடது காதுக்குக் கீழே அவளுக்கு ஒரு கட்டி வந்தது. டாக்டர் மழுப்பாமல் சொன்னார். கட்டியை எடுத்தே ஆக வேண்டும். முகத்தை அசைக்கிற நரம்பு அதற்குள்ளேதான் ஓடுகிறது. காப்பாற்றப் பார்ப்போம், முடியாவிட்டால் நரம்பையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும், அப்படி வெட்டினால் இடது பாதி முகம் அசையாது. ஆபரேஷனுக்கு இருபத்திரண்டு நாள் தள்ளித் தேதி கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா அத்தானிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “என்னங்க, அதுக்கு முன்னாடி என் முகத்தை ஒரு படம் எடுத்துடுங்க. சிரிக்கிற மாதிரி.”

“எடுத்துடலாம், எடுத்துடலாம்” என்றார் அத்தான்.

முதல் வாரம் வெளிச்சம் சரியில்லை என்றார். நல்ல வெயில் அடித்த அன்று வெயில் கடுமையாக இருக்கிறது என்றார். பிறகுதான் உண்மை வெளியே வந்தது. ஆளை எடுப்பதற்கென்றே அவரிடம் இருந்த லென்ஸை, அதைவிட நல்லதுக்கு ஆர்டர் போட்டுவிட்டு முந்தின மாதமே விற்றிருந்தார். புதியது இன்னும் வந்து சேரவில்லை.

“மிச்சம் எட்டு இருக்கே அத்தான்?” என்றேன்.

“இருக்கு. இது கிட்டப் போனா மூக்கைப் பெருசா காட்டும். அது ஜூம், பின்னாடி இருக்கிறது எல்லாம் அப்படியே தெரியும், மங்கலாக் கரையாது. சிரிக்கிற முகம்னா அதுக்குன்னு ஒண்ணு இருக்கு. வியாழக்கிழமை வந்துடும்.”

 பின்னாடி என்ன இருக்கிறது கரைவதற்கு? துணி அலமாரியும் ஒரு நாற்காலியும். அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், “வா, நான் என் போன்ல எடுக்கிறேன். ரெண்டு நிமிஷ வேலை” என்றேன்.

அவள் என் கையைத் தள்ளிவிட்டாள். “நீ எடுத்தா படம் இருக்கும்டி. எனக்குத் தெரியாதா? அவர் எடுக்கணும். இத்தனை வருஷத்துல அவர் ஒரு தடவை என்னை நிதானமாப் பார்த்து எடுக்கணும். அவ்வளவுதான்.”

 அவருக்கும் பயமாக இருக்கும், அதனால்தான் தள்ளிப்போடுகிறார் என்று சப்பைக்கட்டு வேறு கட்டினாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பயந்தவர் பார்சல் எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது என்று மணிக்கு ஒருமுறை போனில் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

வியாழக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமையும் வரவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை பதினொரு மணிக்கு வந்தது. அக்கா தலை வாரி, நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அத்தான் பெட்டியை உடைத்து, லென்ஸை எடுத்து, கேமராவில் மாட்டி, முக்காலியையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

“எங்க போறீங்க?” என்றேன்.

“சுவர் ஒண்ணு எடுத்துட்டு வந்துடறேன். பத்து நிமிஷம்.”

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பாதி நேரம் வெளியே, பாதி நேரம் கதவு சாத்திய அறைக்குள். திறந்துகொண்டு வந்தபோது முகம் செத்திருந்தது. எனக்குப் பதறிவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து ஏதோ செய்தி என்று நினைத்தேன்.

“இடது பக்கம் சாஃப்டா, மங்கலா இருக்கு. வலது பக்கம் பிரமாதம். உள்ள ஒரு கண்ணாடி கோணலா உக்காந்திருக்கு. கூரியர் ரெண்டு மணிக்கு மூடிடுவான், இப்பவே திருப்பி அனுப்பினாத்தான் மாத்தித் தருவாங்க.”

“அத்தான், முகம் நடுவுலதானே இருக்கும்? நடுவுல எல்லா லென்ஸும் நல்லா இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“உனக்குப் புரியாது. ஒரு பக்கம் சரியில்லைன்னு தெரிஞ்சப்புறம் அதை வெச்சு எப்படி எடுக்கிறது? மனசு வராது.”

பெட்டியை மறுபடி டேப் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா நீல உடுப்பைக் கழற்றி மடித்து வைத்தாள்.  நான் போனைக் கையில் எடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு என் மேலும் கோபம் உண்டு.

கட்டியை எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. அக்காவின் இடது கண் தானாக மூடாது, தூங்கும்போது இமையை மூடிப் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். சிரித்தால் வாய் வலது பக்கம் மட்டும் போகும், இடது பக்கம் அப்படியே நிற்கும். தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழியும். சொட்டு மருந்து போடவும் துடைத்துவிடவும் நான் தினமும் போய் வந்தேன்.

ஒருநாள் அவள் மெதுவாகக் கேட்டாள். “அவர் எப்பவாவது என்னை எடுத்திருப்பாரு. கம்ப்யூட்டர்ல தேடிப் பாரேன்.”

அத்தான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் தேடினேன். நாற்பதாயிரத்துக்குக் குறையாத படங்கள். செங்கல், செங்கல், செங்கல். நடுநடுவே அட்டை. இருநூறுக்கு மேற்பட்ட படங்களில் அக்கா இருக்கிறாள், எல்லாவற்றிலும் அட்டைக்குப் பின்னால் இருக்கிறாள். இரண்டு ஓரத்திலும் அவள் விரல்கள் மட்டும் துல்லியமாகத் தெரிகின்றன, நகத்தில் ஒட்டிய சாக்பீஸ் தூள் உட்பட. ஒரே ஒரு படத்தில் அட்டை சாய்ந்திருந்தது. தோள் இரண்டும் மேலே தூக்கியிருந்தன. கொஞ்சம் நெற்றி தெரிந்தது. எதற்கோ விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். அந்தப் படத்துக்கு அத்தான் சிவப்புக் குறி வைத்து, ‘அசைந்துவிட்டது, நீக்கவும்’ என்று எழுதியிருந்தார்.

கிடைக்கவில்லை என்று அக்காவிடம் பொய் சொன்னேன்.

அடுத்த வாரம் மாற்று லென்ஸ் வந்தது. நான் அங்கேதான் இருந்தேன். அத்தான் முக்காலியோடு இறங்கினார், சுவரை எடுத்தார், அறைக்குள் போனார். கால் மணி நேரத்தில் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

“ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒண்ணு போல இருக்கு! இப்படி ஒரு பீஸ் லட்சத்துல ஒண்ணுதான் கிடைக்கும். வா, வா, ஜன்னல்கிட்ட உக்காரு. இப்ப எடுத்துடலாம்.”

அந்த மனிதரை அறைந்திருப்பேன். அக்கா எழுந்து போய் உட்கார்ந்தாள். கேமராவைக் கண்ணில் வைத்தார். எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு, “கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பு” என்றார். ஜன்னல் அவளுக்கு இடது புறம். திரும்பினாள். “இன்னும் கொஞ்சம்.” திரும்பினாள். “இன்னும்.” இடது பாதி முழுக்க மறைகிற வரை திருப்பிக்கொண்டே போனார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முகத்தை நேரே கொண்டுவந்து அவரைப் பார்த்தாள்.

“ஏங்க, இடது பக்கம் சரியில்லைன்னு லென்ஸைத் திருப்பி அனுப்பிட்டீங்க” என்றாள், ஒவ்வொரு சொல்லாக, வழிகிற எச்சிலைத் துடைத்துக்கொண்டு. “என்னை எங்க அனுப்பப் போறீங்க?”

“ஐயோ, அதில்ல... வெளிச்சம்...” என்று ஆரம்பித்தார்.

அவள் எழுந்தாள். அலமாரிக்குப் பின்னால் சொருகியிருந்த எழுத்து அட்டையை உருவினாள். நாற்காலியில் வந்து உட்கார்ந்து, நெற்றியிலிருந்து மார்பு வரை மறைகிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப எடுங்க. இதுல ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கும்.”

அத்தான் எடுக்கவில்லை. கேமராவைப் பிடித்திருந்த இரண்டு கையும் நடுங்கின. எனக்கு மூன்று முறை விளக்கிய அந்தக் கைநடுக்க ஏற்பாடு உள்ளே என்ன செய்துகொண்டிருந்ததோ தெரியாது, வெளியே நன்றாகவே தெரிந்தது. “அட்டையைக் கீழ வைம்மா” என்றார்.  மறுபடியும் சொன்னார், குரல் உடைந்தது. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

நான் அக்காவின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அட்டை அசையவே இல்லை.