ஒன்பதாம் வகுப்பு டப்பாக்கள்

போன வாரம் பள்ளியிலிருந்து வந்த என் மகளின் வாயெல்லாம் ஆரஞ்சு வாசனை. குடற்புழு மாத்திரையாம். "மிட்டாய் மாதிரி இருந்துச்சுப்பா" என்கிறாள். எனக்கோ அந்த மாத்திரை என்றாலே வேறு வாசனைதான் வரும். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பள்ளிகளில் பூச்சி மாத்திரை எந்த அளவுக்குக் கேட்கிறது என்று சோதித்த குழுவில் நான் லேப் டெக்னீஷியன். பெயர்தான் பெரிது. பிள்ளைகள் டப்பாவில் கொண்டுவரும் மலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் புழு முட்டை எண்ணவேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். நான் காபியைக் குடித்துக்கொண்டே இருந்தேன்.

மாத்திரைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை எண்ணுவோம். மம்சாபுரம் பக்கம் ஒரு பள்ளியில் முதல் தடவை எண்ணி முடித்ததும், தலைமையாசிரியர் பிரேயரில் மைக்கைப் பிடித்து, பூச்சி இருந்த பிள்ளைகளின் பெயரையெல்லாம் வாசித்துவிட்டார். புண்ணியவான்! சாயங்காலமே பையன்கள் "ஏட்டி பூச்சி" என்று தெருவெல்லாம் கூப்பிட, ஒன்பதாம் வகுப்புப் பொன்னி அழுதே விட்டாள். அவளுக்குத்தான் முட்டை அதிகம். கொக்கிப்புழு, ரத்தம் குடிக்கிற ஜாதி. இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை.

இரண்டாம் தடவை அந்த வகுப்புப் பெண்களில் ஒருத்திக்கும் முட்டை இல்லை. எங்கள் குழுவுக்குத் தலைவரான டாக்டருக்கு வாயெல்லாம் பல். எனக்கு மட்டும் உறுத்தியது. அத்தனை டப்பாவிலும் அரைகுறையாய்ச் செரித்த முருங்கைக்கீரை. வராந்தாவில் நின்ற பொன்னியைக் கேட்டேன்.

"எங்க கிளாஸ்ல கனிக்கு மட்டுந்தான் சார் பூச்சி இல்ல. அவகிட்டதான் எல்லாரும் வாங்குனோம். பேர வாசிச்சிராதீக சார்."

டாக்டரிடம் ஓடினேன். மாத்திரை கேட்டதா என்றே தெரியாது, மறுபடி டப்பா கொடுப்போம், இல்லையென்றால் பொன்னிக்கு மட்டுமாவது பார்த்து வைத்தியம் செய்வோம் என்று கெஞ்சினேன்.

"ரிசல்ட் நல்லாத்தானய்யா வந்திருக்கு? கெடுக்காத. நாளைக்குச் சேத்தூருக்கு வண்டி ஏறு."

சில மாதம் கழித்துச் சேத்தூர் வேலை முடிந்ததும் நானே மாத்திரையும் சத்து டானிக்கும் வாங்கிக்கொண்டு பொன்னி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மட்டும் இருந்தார்.

"இம்புட்டு நாளு எங்க தம்பி போயிருந்தீக? எந்நேரமும் கிளாஸ்ல தூங்குதாளாம். மண்டையில ஒண்ணும் ஏறலன்னு வாத்தியாரு சொல்லிட்டாரு. நிப்பாட்டி மில்லுக்கு அனுப்பிட்டோம். அங்கனயே தங்கிக்கிடுதா."

இப்போது டப்பா இல்லை, மைக்ராஸ்கோப் இல்லை, பெயர் வாசிக்கிற கொடுமையும் இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை, நல்லதுதான். எங்கள் குழுவும் என்றோ கலைந்துபோனது. அறிக்கை மட்டும் எங்கோ பத்திரமாக இருக்கும். அதில் பொன்னி குணமாகிவிட்டாள்.